அஃபிங்டன் வெள்ளைக் குதிரைக் குன்று: புல்லில் போட்ட கோடு 3,000 ஆண்டு எப்படி நிற்கிறது?

நாடோடி எழுதியது:
இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்தின் அஃபிங்டன் கிராமத்துக்கு மேலே, குன்றின் சரிவில் வெட்டிய பெரிய உருவமான வெள்ளைக் குதிரையைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரே வரிதான் கிடைக்கிறது: "புல்லைச் சுரண்டினால் அடியில் வெள்ளைப் பாறை, அதுதான் குதிரை." எனக்கு இது ஒத்துவரவில்லை. வரப்பில் புல்லைச் செதுக்கிப் போட்டாலே இரண்டு மழையில் பழையபடி மூடிக்கொள்கிறது. மழைக்கும் பனிக்கும் பஞ்சமில்லாத ஒரு நாட்டில், சரிவான குன்றில், சும்மா சுரண்டிய கோடு மூவாயிரம் வருஷம் எப்படி நிற்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொல்மண் எழுதியது:
உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த வரியே தப்பு. குதிரை சுரண்டியது அல்ல, தோண்டி நிரப்பியது.

1990-ல் ஆக்ஸ்ஃபோர்டு தொல்லியல் குழு சிறு குழிகள் போட்டுப் பார்த்தபோது இது தெளிவானது. உடல், கால், வால் எல்லாம் வாய்க்கால் மாதிரி வெட்டப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் ஆழம் ஒரு மீட்டர் வரை போகிறது. அந்த வாய்க்காலுக்குள் சுத்தமான வெள்ளைச் சீமைச்சுண்ணாம்புக் கற்களைக் கொட்டி இடித்து இறுக்கியிருக்கிறார்கள். உருவத்தின் நீளம் ஏறத்தாழ 110 மீட்டர். சாலை போடுகிறவர்கள் ஜல்லி நிரப்பித் திமிசு போடுவார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

நிரப்ப வேண்டிய காரணத்தையும் சொல்கிறேன். புல்லுக்கு அடியில் நேராக வெள்ளைப் பாறை இருப்பதில்லை. முதலில் ஒரு சாண் அளவுக்குக் கருப்பும் பழுப்புமான மண். அதற்குக் கீழே உறைபனியில் நொறுங்கி மண்ணோடு கலந்த அழுக்குச் சாம்பல் நிறக் கல். உண்மையான வெள்ளை அதற்கும் கீழேதான். வெறுமனே சுரண்டியிருந்தால் தூரத்துக்கு மங்கிய வடு மாதிரி தெரிந்திருக்கும், களையும் உடனே வேர்பிடித்திருக்கும்.

சீமைச்சுண்ணாம்பு என்றதும் பள்ளிக்கூடச் சாக்பீஸ் நினைவுக்கு வரும். இன்றைய சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். இந்தக் குன்றில் இருப்பது அசல் பொருள்: டைனோசர் காலத்துக் கடலடியில் கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் சுண்ணாம்புச் செதில்கள் படிந்து இறுகியது. நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். பஞ்சு மாதிரி நீரை இழுக்கும். இழுத்த நீர் உறைந்தால் கல் பிளக்கும். அதனால்தான் ஒரு தடவை நிரப்பிவிட்டு விட்டுவிட முடியாது.

கரிசல் எழுதியது:
தொல்மண் ஐயா, இன்றைக்கு அந்தப் பராமரிப்பு வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா? "வெள்ளையடிக்கிறார்கள்" என்று ஒரு செய்தியில் படித்தேன்.

தொல்மண் எழுதியது:
வெள்ளையடிப்பது கிடையாது கரிசல். சுண்ணாம்பு நீற்றிப் பூசுவதும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. இடம் பழஞ்சின்னங்களைக் காக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது. கோடையில் தன்னார்வலர்களைக் கூட்டி அவர்கள் நடத்தும் வேலை இது.

முதலில் களை. வெள்ளைப் பரப்பில் முளைத்திருக்கும் புல்லையும் பாசியையும் வேரோடு எடுக்க வேண்டும். தலையை மட்டும் கிள்ளினால் வேர் தங்கி, அடுத்த உறைபனியில் அந்த இடத்திலிருந்தே கல் விரியும். அடுத்து ஓரம். புல் பக்கவாட்டில் கோட்டுக்குள் தவழ்ந்து வரும், அதை நேராக வெட்டி எடுப்பார்கள். அதன் பிறகு புதுச் சீமைச்சுண்ணாம்புக் கட்டிகளை வாளியில் கொண்டுவந்து பரப்பி, மண்டியிட்டு, கைச்சுத்தியலால் தட்டித் தட்டி நொறுக்குவார்கள். முழங்காலுக்கு அடியில் மெத்தை இல்லாமல் யாரும் உட்கார முடியாது. கட்டி முழுசும் நொறுங்கி, பழைய அடுக்கோடு ஒட்டி, தேய்த்த திண்ணை மாதிரி ஆகும்வரை தட்ட வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரப்பதத்தில். கல் காய்ந்து கிடந்தால் தட்டத் தட்டப் புழுதியாகும், முதல் மழையிலேயே சரிவில் ஓடிவிடும். சொதசொதவென்று இருந்தால் கூழாகி வழிந்து, கீழ்ப்பக்கப் புல்லெல்லாம் வெள்ளையாகி, கோட்டின் விளிம்பு கலைந்துவிடும். லேசான ஈரம் இருந்தால் பிசைந்த மாவு மாதிரி பிடித்துக்கொள்ளும். இன்னொரு தவறு, பெரிய கட்டிகளை உடைக்காமல் விடுவது. இடையில் உள்ள பொந்தில் மண் சேரும், விதை விழும், அடுத்த வருஷம் அங்கேதான் முதல் களை.

நாடோடி எழுதியது:
அப்படியானால் ஒரு தலைமுறை கவனிக்காமல் விட்டாலே போய்விடுமா?

தொல்மண் எழுதியது:
போகிற நிலைமைக்கு வந்திருக்கிறது. முன்பெல்லாம் சுமார் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை சுற்று வட்டார ஊர்கள் கூடித் துலக்கும். கூடவே திருவிழா: மல்யுத்தம், தடிச்சண்டை, பக்கத்துப் பள்ளத்தில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டுத் துரத்துவது. 1857-ல் நடந்ததுதான் அந்த மாதிரி கடைசிப் பெருவிழா. விழா நின்றதும் துலக்குவதும் தளர்ந்து, சில பத்தாண்டுகளில் புல் ஏறி உருவம் மங்கிவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் வேண்டுமென்றே மூடினார்கள். ஜெர்மன் விமானங்கள் இதை வழிகாட்டி அடையாளமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று புல்கட்டியும் வேலித்தழையும் போட்டு மறைத்தார்கள். போர் முடிந்தபின் தொல்லியலாளர் வில்லியம் பிரான்சிஸ் கிரைம்ஸ் அதைத் திறந்தார்.

தலைகீழான ஆபத்தும் உண்டு. கவனமாகப் பராமரித்தாலும் வருஷம் ஒரு விரற்கடை புல் உள்ளே வந்தால் யாருக்கும் தெரியாது. 2024-ல் பழைய வான்வழிப் படங்களோடு ஒப்பிட்டபோது தலையும் கழுத்தும் இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவாக ஒடுங்கியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. படிந்த மண்ணையும் புல்லையும் விலக்கி அகலத்தை மீட்டார்கள். "வெள்ளையாக இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது" என்று கண்ணை நம்பினால் இதுதான் நடக்கும். அளந்து வைத்த புள்ளிகள் இல்லாமல் ஓரம் வெட்டவே கூடாது என்பது என் திடமான கருத்து.

கரிசல் எழுதியது:
மூவாயிரம் வருஷம் என்பதையும் கொஞ்சம் விளக்குங்கள். மன்னர் ஆல்ஃபிரட் 871-ல் டேனியர்களை வென்றதற்காக வெட்டியது என்றுதான் பழைய நூல்களில் இருக்கிறது.

தொல்மண் எழுதியது:
அந்தக் கதையைப் பரப்பியதில் பெரிய பங்கு 1738-ல் பிரான்சிஸ் வைஸ் எழுதிய கடித நூலுக்கு. 1931-ல் ஸ்டூவர்ட் பிகட், இரும்புக்கால நாணயங்களில் உள்ள குதிரைகளோடு ஒப்பிட்டு, இன்னும் பழையது என்றார். இரண்டுமே உருவத்தையும் ஊகத்தையும் வைத்துச் சொன்னவை.

முடிவு தந்தது மண். குவார்ட்ஸ் மணல் துகள் புதைந்திருக்கும்போது சுற்றியுள்ள இயற்கைக் கதிர்வீச்சால் அதற்குள் ஆற்றல் சிறிது சிறிதாகச் சேரும். வெயில் பட்டால் அது சுழியமாகிவிடும். ஆகவே வாய்க்காலுக்குள் அடைந்த வண்டலை வெளிச்சம் படாத குழாயில் அடித்து எடுத்து, ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில் பிரித்து, ஒளியூட்டி, எவ்வளவு ஒளிர்கிறது என்று அளந்தால், அந்தத் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்த காலம் கிடைக்கும். சிவகளைப் பானை ஓடுகளுக்குச் செய்ததும் இதே வகைக் கணிப்புதான்.

குதிரைக்குக் கிடைத்த விடை கி.மு. 1380 முதல் 550 வரை. வீச்சு அகலம்தான். ஆனால் ஆல்ஃபிரட் அதற்குப் பக்கத்திலேயே வரமுடியாது. வெண்கலக்காலத்தின் கடைசி அல்லது இரும்புக்காலத்தின் தொடக்கம். குன்றின் உச்சியில் உள்ள 3 ஹெக்டேர் மண்கோட்டை (அஃபிங்டன் காசில் என்பார்கள், கட்டடம் எதுவும் கிடையாது, அகழியும் மண்கரையும்தான்) கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்தது.

வானம்பாடி எழுதியது:
குதிரையைப் பராமரிக்கட்டும், சரி. ஆனால் மீதிக் குன்றை ஏன் ஆட்டை விட்டு மொட்டையடிக்கிறார்கள்? படங்களில் ஒரு மரம்கூட இல்லை. வேலி போட்டு ஆடுகளை வெளியேற்றினால் இயற்கை தானாக மீண்டு காடாகும், பறவையும் பூச்சியும் பெருகும் இல்லையா? பழம்பொருளைக் காக்கிறேன் என்று உயிர்களைக் கைவிடுவதாகத் தோன்றுகிறது.

மேய்ச்சல்காரி எழுதியது:
தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த வகை நிலத்தில் ஆட்டை வெளியேற்றினால் உயிர் வகைகள் குறையும். காரணத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீமைச்சுண்ணாம்புக் குன்றின் மண் மெலிந்தது. நீர் நிற்காது, சுண்ணாம்பு மிகுதி, பாஸ்பரஸ் மிகக் குறைவு. வளம் குறைந்த இடத்தில் எந்தச் செடியும் ஓங்கி வளர்ந்து மற்றதை நசுக்க முடியாது. அதனால் ஒரு சதுர மீட்டரில் 40 செடி வகைகள் வரை ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். காட்டுத் தைம், குதிரைலாட வெட்ச் என்னும் மஞ்சள் பூக் கொடி, சாலட் பர்னெட், ஃபெஸ்க்யூ என்னும் மெல்லிய புல், சில ஆர்க்கிடுகள். மண்டியிட்டுப் பார்த்தால்தான் தெரியும்; நின்று பார்த்தால் வெறும் புல்.

இந்த மெலிவு முழுக்க இயற்கை தந்தது அல்ல. பல நூற்றாண்டுகளாக இந்தப் பகுதியில் ஆட்டைப் பகலில் குன்றில் மேய்த்து, இரவில் கீழே வயலில் கிடை போட்டார்கள். நம்மூர் ஆட்டுக்கிடை மாதிரியே, எருவுக்காக. அதாவது குன்றின் சத்து ஒவ்வொரு நாளும் ஆட்டின் வயிற்றில் ஏறிப் பள்ளத்து வயலில் இறங்கியது. கிராம எல்லைகளே அதற்கேற்ப நீள நீளமான பட்டைகள்: ஒரு முனை தாழ்நிலக் களிமண், நடுவில் ஊற்று, மறுமுனை குன்றின் மேய்ச்சல். வுல்ஸ்டன், காம்ப்டன் போஷாம்ப் ஊர்களெல்லாம் குன்றடியில் வரிசையாக இருப்பது சுண்ணாம்புப் பாறையில் இறங்கிய மழைநீர் அங்கேதான் ஊற்றாக வெளிவருகிறது என்பதால்.

ஆட்டை எடுத்தால் முதல் சில வருஷம் பூ கொட்டும், படம் எடுக்க அழகாக இருக்கும். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிறகு டோர்புல் என்னும் முரட்டுப் புல் பரவி, காய்ந்த சருகு மெத்தை மாதிரி படியும். விதை மண்ணைத் தொடாது. அதற்குப் பின் ஹாதார்ன் முட்புதர், டாக்வுட். அந்த நிழலில் தைம் செத்துவிடும்.

புல்லின் உயரம் எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம், வேறு குன்றில் நடந்தது. பெரிய நீலன் என்ற வண்ணத்துப்பூச்சி 1979-ல் பிரிட்டனில் அற்றுப்போனது. சேகரிப்பவர்கள்தான் காரணம் என்று வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலி ஆட்டையும் மாட்டையும் தடுத்தது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தது இது: அதன் புழு தைம் பூவில் சில வாரம் தின்றுவிட்டுத் தரையில் விழும். ஒரு குறிப்பிட்ட சிவப்பெறும்பு, மிர்மிகா சபுலெட்டி, அதைத் தன் குஞ்சு என்று நினைத்துப் புற்றுக்குத் தூக்கிப்போகும். புழு உள்ளே பத்து மாதம்போல எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும். அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். 1950-களில் முயல்களுக்கு மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து அவை கொத்துக்கொத்தாகச் செத்தன, மேய்ச்சலும் குறைந்தது, புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தது, மண் குளிர்ந்தது. வேறு எறும்பு குடியேறியது. வண்ணத்துப்பூச்சி போயிற்று. 1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சாமர்செட்டின் காலர்ட் குன்றுக்கு 2000-ல் வந்தது. அங்கே முதலில் செய்த வேலை மேய்ச்சலைச் சரிசெய்வது.

வானம்பாடி எழுதியது:
அக்கா, இது எனக்குத் தெரியாத கோணம். நன்றி. அப்படியானால் எவ்வளவு ஆடு, எப்போது? குட்டையாக இருந்தால் போதும் என்றால் இயந்திரம் வைத்து வெட்டலாமே?

மேய்ச்சல்காரி எழுதியது:
ஆட்டு எண்ணிக்கைக்கு ஒரே விடை கிடையாது. மழையைப் பார்த்து, புல்லை அளந்து, ஆட்டை ஏற்றி இறக்க வேண்டும். இலக்கு என்ன என்பதைப் பொறுத்தது. அடோனிஸ் நீலன் வண்ணத்துப்பூச்சிக்கு ஓரிரண்டு சென்டிமீட்டர், அதிகம் போனால் நாலு. சாக்ஹில் நீலனுக்கு இன்னும் கொஞ்சம் உயரம் ஆகும். இரண்டுக்கும் புழு உணவு குதிரைலாட வெட்ச் ஒன்றே. தரையில் கூடு கட்டும் உங்கள் பெயர்ப் பறவைக்கோ மறைவதற்குப் புல் வேண்டும். அதனால் குன்று முழுக்க ஒரே உயரம் என்று திட்டம் போட்டாலே அது தப்பான திட்டம். தென்சரிவை ஒட்ட மேய்த்து, சமதளத்தைத் தளர்த்தி விடலாம். பொதுவாக இலையுதிர், குளிர் காலத்தில் அழுத்தி மேய்ப்பது, பூக்கும் கோடையில் குறைப்பது.

இயந்திரம் அவசரத்துக்கு உதவும். ஆனால் அது எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே மட்டத்தில் வெட்டும். மஞ்சள் புல்வெளி எறும்பு பல பத்தாண்டுகளாகக் கட்டிய மேடுகளைச் சீவிவிடும். அந்த மேட்டின் மேல்தான் தைம் நன்றாக வரும், பச்சை மரங்கொத்தி இரை தேடுவதும் அங்கே. வெட்டிய புல்லை வாரி எடுக்காவிட்டால் அது மக்கி உரமாகும், மெலிந்த மண் கொழுக்கும். ஆட்டுக்குக் குன்றின் மேல் தீவனம் கொட்டுவதும் அதே காரணத்தால் கூடாது. குடற்புழு மருந்து கொடுத்த ஆட்டை உடனே ஏற்றினால் புழுக்கையில் மருந்து தங்கிச் சாணவண்டுகள் சாகும்.

முற்றிய டோர்புல்லை ஆடு தொடாது. ஏற்கெனவே பரவிவிட்டால் முதலில் மாட்டை விட்டு மிதித்து உடைத்து, பிறகு ஆடு.

தொல்மண் எழுதியது:
மாடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மண்கோட்டையின் கரையில் ஈரக்காலத்தில் கனமான மாடு ஏறினால் குளம்படியில் கரை சரிந்து படிப்படியாக உடையும். அந்தக் கரைக்குள் முதல் கட்டத்து மரச்சட்டத் தடயங்கள் இருக்கின்றன. முயலும் அப்படித்தான். புல்லுக்கு நண்பன், கரைக்கு எதிரி. பொந்து தோண்டும்போது வெவ்வேறு காலத்து அடுக்குகளைக் கலக்கிவிடும்.

புதர் அகற்றுவதிலும் இரண்டு தரப்பும் சேர்ந்து யோசிக்க வேண்டும். கரைமேல் வளர்ந்த ஹாதார்னை வேரோடு பிடுங்கக் கூடாது; வேர் பிடித்த தொல்லியல் அடுக்கும் கையோடு வந்துவிடும். தரைமட்டத்தில் அறுத்து, வெட்டுவாயில் மட்டும் தூரிகையால் களைக்கொல்லி மருந்து தடவி, அடிக்கட்டையை அங்கேயே மக்க விட வேண்டும். மருந்து தடவாவிட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். பறவைகள் கூடு கட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அரிவாள் வைக்கக் கூடாது. தழையைத் தரையிலேயே கொளுத்தினால் மண் வெந்து, சாம்பலும் உரமாகும். இது 1979-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் மண்ணைக் கிளறும் எந்த வேலைக்கும் முன் அனுமதி வேண்டும். உலோகத் தேடுகருவியை அனுமதியில்லாமல் பயன்படுத்துவதே குற்றம்.

மேய்ச்சல்காரி எழுதியது:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன். சேர்த்துப் பார்க்காவிட்டால் இரண்டு பக்கமும் தோற்கும். மேய்ச்சல் நின்ற குன்றில் குதிரையின் ஓரத்தைச் சுற்றி ஓங்கிய புல், அதிலிருந்து வருஷம் முழுக்க விதை. எத்தனை சுத்தியல் இருந்தாலும் போதாது.

நாடோடி எழுதியது:
இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கடைசியாக: நேரில் போகிறவர்கள் எங்கே நின்று பார்க்க வேண்டும்? சுற்றிலும் வேறு என்ன இருக்கிறது?

கரிசல் எழுதியது:
குன்றின்மேல் ஏறிப் பார்த்தால் குதிரை தெரியாது, ஓரிரு வளைந்த கோடுகள்தான் தெரியும். வடக்கே தாழ்நிலத்தில் லாங்காட், ஃபெர்ன்ஹாம், கிரேட் காக்ஸ்வெல் பக்கமிருந்து பார்த்தால் உருவம் கூடும். உச்சி ஏறத்தாழ 261 மீட்டர், ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலேயே உயரமான இடம். 1974 வரை இது பெர்க்‌ஷயர் மாவட்டம். பழைய நூல்களில் அந்தப் பெயரில் தேடுங்கள்.

குதிரைக்குக் கீழே தட்டையான தலையோடு ஒரு சிறு மேடு, டிராகன் ஹில். மேடு இயற்கை, உச்சியை மட்டும் மனிதர் சமப்படுத்தியிருக்கிறார்கள். புனித ஜார்ஜ் டிராகனைக் கொன்ற இடம், ரத்தம் சிந்தியதால் அங்கே புல் முளைக்காது என்பது ஊர்க்கதை. பக்கத்தில் மேஞ்சர் என்னும் வறண்ட பள்ளத்தாக்கு. அதாவது குதிரையின் தீனித்தொட்டி. அதன் சரிவில் மடிப்பு மடிப்பாகத் தெரிவது பனியுக முடிவில் உறைமண் இளகிச் சரிந்த தடம்.

ரிட்ஜ்வே நடைபாதையில் மேற்கே 2 கிலோமீட்டர் போல நடந்தால் வேலண்ட்ஸ் ஸ்மிதி வரும். புதிய கற்காலத்து நீள்மேட்டுக் கல்லறை. கி.மு. 3590 வாக்கில் மரத்தால் கட்டிய சிறு அறையில் 14 பேரைப் புதைத்தார்கள். அதன்மேல் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பெரிய மேடும் முகப்பில் சார்சன் என்னும் கடினமான மணற்கற்களும். வேலண்ட் என்ற கொல்லர் தெய்வத்தின் பட்டறை என்று 955-ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே பெயர் வந்துவிட்டது. குதிரையையும் காசையும் வைத்துவிட்டுப் போனால் காலையில் லாடம் அடித்திருக்கும் என்பார்கள்.

தொல்மண் எழுதியது:
அந்தக் கதையை நம்பிப் பலர் கல்லின் விரிசலில் காசைச் செருகுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உலோகம் துருவேறிப் பருத்தால் விரிசல் அகலும், எடுக்க முயன்றால் கல் பெயரும். கல்லறைக்குள் மெழுகுவத்தி ஏற்றுவதும் வேண்டாம். சூட்டில் சார்சன் மேற்பரப்பு செதில் செதிலாக உரியும், புகைக்கரியைத் துடைக்கவே முடியாது.

அதேபோலக் குதிரையின் கண்ணில் நின்று சுற்றினால் நினைத்தது நடக்கும் என்ற பழைய வழக்கம் உண்டு. கண் என்பது சின்ன வட்டம். செருப்புக்காலோடு ஒவ்வொருவரும் ஒரு சுற்று சுற்றினால் இடித்து இறுக்கிய மேலடுக்கு பெயர்ந்து பள்ளமாகும், பள்ளத்தில் நீர் நிற்கும், குளிர்காலத்தில் உறையும். மேல்பக்கத்துப் புல்லிலேயே நின்று பாருங்கள்.

வானம்பாடி எழுதியது:
துலக்கும் நாளில் பிடுங்கிய களையை என்ன செய்கிறார்கள்? சரிவிலேயே எறிந்துவிடலாமா?

மேய்ச்சல்காரி எழுதியது:
எறியவே கூடாது தம்பி. குவித்த இடத்தில் அது மக்கினால் அங்கே மட்டும் மண் கொழுத்து, தொட்டால் அரிக்கும் நெட்டில் செடி முளைக்கும், மெல்லிய புல்தரையில் கரும்பச்சைத் திட்டாகப் பல வருஷம் தெரியும். வாளியில் சீமைச்சுண்ணாம்பு ஏறுகிறது, அதே வாளியில் களை கீழே இறங்க வேண்டும்.